கப்பல்துறையில் இறக்கி வைத்த சில்லு

எங்கள் வாகனச் சாரதிகள் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி தம்பிமார் கேட்டபோது, பொறுமை, நிதானம், பயணிகளிடம் இனிய பேச்சு என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டு என் பாட்டில் இருக்கலாம் என்றுதான் நினைத்தேன். போன மாதக் கூட்டத்துக்கு வந்த ஓர் இளம் சாரதி அந்தத் திட்டத்தைக் கெடுத்துவிட்டார். புதிதாக எடுத்த காரைக் காட்ட என்னை வெளியே கூட்டிப்போனார். நல்ல கார், குறை சொல்ல ஒன்றுமில்லை. பழக்க தோஷத்தில் டிக்கியைத் திறந்து விரிப்பைத் தூக்கிப் பார்த்தேன். டயர் வெடித்தால் மாற்றிப் பூட்டும் மேலதிகச் சில்லு இருக்க வேண்டிய குழியில் ஒரு பசைப் போத்தலும் காற்றடிக்கும் சின்னப் பெட்டி ஒன்றும் கிடந்தன.

"ஸ்பெயார் எங்க தம்பி?" என்று கேட்டேன்.

"இப்ப வாற காருக்கு அது தேவையில்ல அண்ணை. பழைய ஆக்கள்தான் இன்னும் அதைக் காவிக்கொண்டு திரியினம்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பழைய ஆள் என்று சொன்னதற்கு எனக்குக் கோபமில்லை, அது உண்மைதான். தேவையில்லை என்று சொன்னதற்குத்தான் கோபம். அந்தக் கோபம் ஆறுவதற்கு முன் இதை எழுதுகிறேன். வாசித்துவிட்டு நீங்களும் கோபித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

உங்கள் நியாயங்கள் எனக்குத் தெரியும். வீதிகள் எல்லாம் காப்பெற் போட்டு வழவழப்பாகிவிட்டன. டயர் முன்பு போல அடிக்கடி காற்றுப் போவதில்லை. சில்லின் பாரம் குறைந்தால் எரிபொருள் மிச்சம். ஏதாவது நடந்தால் சட்டைப் பைக்குள் போன் இருக்கிறது. எல்லாம் சரி. ஆணி குத்திய ஓட்டையைப் பசை அடைக்கும் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். டயரின் பக்கவாட்டு கிழிந்தால் அந்தப் போத்தலை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள் என்று நான் கேட்க மாட்டேன். கேட்டால் போனைத் தூக்கிக் காட்டுவீர்கள்.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். மேலதிகச் சில்லு வேண்டாம் என்பதற்கு யுத்த காலத்தில் எங்களிடமும் நியாயம் இருந்தது. உங்களுடைய நியாயத்தைவிட நல்ல நியாயம். இந்த மாவட்டத்தில் வான் ஓட்டிய முக்கால்வாசிப் பேர் அதை ஏற்றுக்கொண்டிருந்தோம். நானும் அதில் ஒருவன்.

அந்த நாட்களில் ஆமியின் செக்பொயின்ட்டைத் தாண்டாமல் எங்கேயும் போக ஏலாது. ஆட்களை இறக்குவார்கள், பைகளைக் கொட்டுவார்கள், கதிரைக்குக் கீழே கண்ணாடி பிடித்துப் பார்ப்பார்கள். அதெல்லாம் பழகிவிட்டது. எங்கள் உயிரை வாங்கியது மேலதிகச் சில்லுதான். டயருக்குள் எதையும் மறைத்துக் கொண்டுபோகலாம் என்பது அவர்களுடைய பயம். கழற்றி இறக்கச் சொல்வார்கள். உருட்டச் சொல்வார்கள். தூக்கி நிலத்தில் போடச் சொல்லிச் சத்தம் கேட்பார்கள். சந்தேகம் வந்தால் காற்றைப் பிடுங்கி, டயரை வளையத்திலிருந்து விலக்கிக் காட்ட வேண்டும். அரை மணித்தியாலம் போய்விடும். பின்னால் நிற்கும் வாகனங்கள் முழுவதும் எங்களைத் திட்டும். சில்லு இல்லாத வான் பத்து நிமிடத்தில் போய்விடும்.

இதற்கு எங்கள் ஆட்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கண்டி வீதியில், செக்பொயின்ட்டுக்குப் பட்டணப் பக்கமாக, கப்பல்துறையில் ஒரு தேத்தண்ணிக் கடை இருந்தது. போகும்போது சில்லைக் கழற்றி அந்தக் கடையின் பக்கச் சுவரில் சாத்திவிட்டுப் போவது, வரும்போது எடுத்துக்கொள்வது. கோயிலுக்குப் போகிறவர்கள் வாசலில் செருப்பை விடுகிற மாதிரி. காலையில் போனால் சுவர் நீளத்துக்குச் சில்லுகள் நிற்கும், ஒவ்வொன்றிலும் சோக்கட்டியால் வான் நம்பர். கடைக்கார அம்மா அவற்றின் மேல் துணி காயப் போடுவார். அதைப் பார்த்து நாங்கள் ஒருவரும் வெட்கப்படவில்லை. எங்கள் கெட்டித்தனம் என்றுதான் நினைத்தோம்.

ஒரேயொருவர்தான் சில்லை இறக்கவில்லை. கிண்ணியாவிலிருந்து பட்டணத்துக்கு மீன் ஏற்றி வந்த ஒரு முஸ்லிம் சாரதி. எங்களுக்கு மூத்தவர், அதனால் எல்லோரும் நானா என்றே கூப்பிடுவோம். அவருடையதும் என்னுடையதும் ஒரே வகை வான். அவர் பின் கதிரைகளைக் கழற்றிவிட்டு ஐஸ் பெட்டிகளை வைத்திருந்தார். ஐஸ் கரைந்துகொண்டிருக்க, அந்த மனிதர் ஒவ்வொரு நாளும் சில்லை இறக்கி, உருட்டி, போட்டுக் காட்டி, திரும்ப ஏற்றுவார். "நானாவுக்குத் தேகப்பயிற்சி தேவைப்படுது" என்று நாங்கள் பகிடி பண்ணுவோம். நான் கொஞ்சம் கூடவே பண்ணினேன்.

ஒரு வருடம் பரீட்சைக் காலத்தில் என் வானை வாடகைக்கு எடுத்தார்கள். பட்டணத்திலிருந்து ஒவ்வொரு நாளும் வினாத்தாள் பெட்டியை ஏற்றிக்கொண்டு குறிஞ்சாக்கேணிப் பக்கத்தில் இருந்த பரீட்சை மண்டபத்துக்குப் போக வேண்டும். பெட்டியோடு மேற்பார்வையாளராக வந்தவர் ஒரு கணித ஆசிரியை. அதிகம் கதைக்க மாட்டார். சீல் வைத்த பெட்டியை மடியிலிருந்து இறக்கவும் மாட்டார். கிண்ணியாவுக்கு வாகனங்களை ஏற்றிப்போகும் மிதவைப் படகை நாங்கள் பாதை என்போம். அந்தக் கிழமை முழுவதும் பாதை ஓடவில்லை. அதனால் கண்டி வீதியால் சுற்றித்தான் போனோம்.

முதல் நாளே டீச்சர் எனக்குச் சொல்லிவிட்டார்: "எட்டரைக்குப் பிள்ளையளின்ர கையில பேப்பர் இருக்கோணும். நாடு முழுக்க அதே நேரம் உடைக்கிற பேப்பர். பிந்திப் போய் நிண்டா அந்த மண்டபத்துப் பிள்ளையளுக்குத் திருப்பி வைக்க மாட்டினம்." இடம்பெயர்ந்து, பள்ளிக்கூடம் மூடி, மண்ணெண்ணெய் விளக்கில் படித்து அந்த மண்டபம் வரைக்கும் வந்து சேர்ந்த பிள்ளைகள். அவர்களுடைய ஒரு வருடம் என் ஸ்டியரிங்கில் இருக்கிறது என்று எனக்கு நன்றாக விளங்கியது. விளங்கியும்தான் அந்த வேலையைச் செய்தேன்.

கணிதப் பாடம் நடந்த நாள் காலையிலும் வழக்கம்போலக் கப்பல்துறையில் நிறுத்திச் சில்லை இறக்கினேன். டீச்சர் கண்ணாடிக்குள்ளால் பார்த்துக்கொண்டிருந்தார். செக்பொயின்ட்டில் கெதியாக விட்டார்கள். அங்கே ஒரு துண்டு எழுதித் தருவார்கள்: வாகன நம்பர், எத்தனை பேர், மேலதிகச் சில்லு உண்டா இல்லையா. அடுத்த செக்பொயின்ட்டில் அதை வாங்கி ஒத்துப் பார்ப்பார்கள். எதிர்ப்பக்கத்தால் வருகிற வாகனங்களுக்கும் அப்படித்தான். என் துண்டில் சில்லு இல்லை என்று எழுதியிருந்தது.

இரண்டு செக்பொயின்ட்டுக்கும் நடுவில், இரண்டு பக்கமும் வெறும் வயல் கிடந்த இடத்தில், முன் இடது டயர் வெடித்தது. இறங்கிப் பார்த்தேன். ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. நேரம் ஏழே முக்கால்.

"மாத்த எவ்வளவு நேரம் செல்லும்?" என்று டீச்சர் கேட்டார்.

"பத்து நிமிசம் டீச்சர்." வாயில் வந்துவிட்டது. சொல்லி முடிக்கும்போதே பொய் என்று தெரிந்தது.

"அப்ப மாத்துங்கோவன்."

"ஸ்பெயார் இல்ல டீச்சர். கப்பல்துறையில இருக்கு."

"அது ஏன் அங்க இருக்கு?"

"எல்லாரும் அங்கதான் வைக்கிறது."

டீச்சர் பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். இத்தனை வருடங்களில் எத்தனையோ பேர் எனக்கு ஏசியிருக்கிறார்கள். ஒருவரும் என்னை அப்படிக் கூனிக்குறுக வைத்ததில்லை. வீதியை விட்டு இறங்கி நடக்கக் கூடாது என்பது கட்டளை. வேறு வாகனம் எதையும் காணவில்லை. வெறும் வளையத்தில் உருட்டிப் போகலாமா என்று யோசித்தேன். இரண்டு மைல் போவதற்குள் அச்சு உடைந்து நடு வீதியில் நிற்போம். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடலாமா என்றுகூட யோசித்தேன். பயம் வந்தால் மனிதனுக்கு என்னென்னவோ தோன்றும்.

அப்போதுதான் எதிர்ப்பக்கத்தால் நானாவின் மீன் வான் வந்தது. அவர் இறங்கி வந்தார். டயரைப் பார்த்தார், டீச்சரின் மடியில் இருந்த பெட்டியைப் பார்த்தார், தன் வானைக் குறுக்கே நிறுத்திவிட்டுச் சில்லை இறக்கினார்.

"ஜக்கைப் போடுங்க தம்பி. கதையெல்லாம் பொறகு."

நான் ஜக்கைப் போட்டேன், அவர் நட்டுகளைக் கழற்றினார். ஏழு எட்டு நிமிடத்தில் அவருடைய சில்லு என் வானில் ஏறிவிட்டது. கிழிந்த சில்லைத் தூக்கி என் வானின் பின்பக்கம் எறிந்தேன். நன்றி சொன்னேனா என்றுகூட நினைவில்லை. அவர் பட்டணப் பக்கம் போனார், நான் கிண்ணியாப் பக்கம் பறந்தேன்.

என் தொழில் வாழ்க்கையிலேயே பெரிய பிழை, சில்லைக் கப்பல்துறையில் விட்டது அல்ல. கிழிந்த சில்லை என் வானுக்குள் எறிந்ததுதான். ஏன் என்பது எனக்கும் இரண்டாவது செக்பொயின்ட்டில்தான் விளங்கியது.

அங்கே நின்ற சிப்பாய் துவக்கைத் தோளில் தொங்கவிட்டபடி துண்டை வாங்கிப் பார்த்தார். பின்கதவைத் திறந்தார்.

"ஸ்பெயார் இல்ல எழுதி இருக்கு. இது என்ன?"

எனக்குப் பயம் பிடித்தது. எனக்காக அல்ல. இல்லை என்று எழுதிய என் வானில் ஒரு சில்லு கூடியிருக்கிறது என்றால், உண்டு என்று எழுதிய நானாவின் வானில் ஒன்று குறைந்திருக்கும். அந்தக் காலத்தில் ஒரு டயர் காணாமல் போனால், காட்டுக்குள் இருக்கிற இயக்கத்துக்குக் கொடுத்துவிட்டான் என்றுதான் கதை போகும். அதற்காக ஆட்களை உள்ளே கொண்டுபோய், மாதக்கணக்கில் வெளியே விடாமல் வைத்திருந்திருக்கிறார்கள். கிழிந்த சில்லை நான் நானாவின் வானில் ஏற்றி விட்டிருந்தால் இரண்டு துண்டுகளும் சரியாக இருந்திருக்கும். அந்த வீதியில் வருடக்கணக்காக ஓடிய எனக்கு, அந்த நேரத்தில் அது தோன்றவில்லை.

டீச்சர் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் நடந்ததைச் சொன்னார். பெட்டியின் சீலைக் காட்டினார். அவர்கள் கிழிந்த சில்லை இறக்கி வைத்துக்கொண்டு எங்களைப் போக விட்டார்கள். வான் நகர்ந்ததும் டீச்சர் கேட்டார்: "அப்ப அந்த மனிசன்?"

"மறிச்சிருப்பாங்கள் டீச்சர்."

"திரும்புவமா?"

அவர் அதைக் கேட்டதை நான் இன்றைக்கும் மதிக்கிறேன். மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு அப்படிக் கேட்க எல்லோராலும் ஏலாது. ஆனால் ஓட்டுகிறவன் நான், முடிவும் என்னுடையது. திரும்பினால் நானாவுக்கு அரை மணித்தியாலம் முந்தி உதவலாம், பிள்ளைகளுக்குப் பரீட்சை இல்லை. நானா தன் சில்லைக் கழற்றித் தந்தது எனக்காக அல்ல, அந்தப் பெட்டிக்காக. "பெட்டியைக் குடுத்திட்டு நான் தனியத் திரும்பி வாறன்" என்றேன்.

எட்டு இருபத்தைந்துக்கு மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். வெள்ளை உடுப்போடு பிள்ளைகள் வாசலில் நின்றார்கள். டீச்சர் இறங்கியவுடன் ஒரு தாளில் நடந்ததை எழுதி, கையெழுத்து வைத்து, பரீட்சை முத்திரையும் குத்தி என் கையில் தந்தார். "இதைக் குடுத்து ஆளை எடுங்கோ. எடுக்காம வராதேங்கோ" என்றுவிட்டு உள்ளே போனார்.

தனியாகத் திரும்பி ஓட்டிய அந்தத் தூரம் முழுவதும் எனக்குப் பயம். வீட்டுக்குப் போய்விடு, நீயாகப் போய் மாட்டாதே என்று மனம் சொல்லிக்கொண்டே இருந்தது. இதையும் எழுதத்தான் வேண்டும், இல்லாவிட்டால் என்னை வீரன் என்று நினைத்துவிடுவீர்கள். இரண்டாவது செக்பொயின்ட்டில் கடிதத்தைக் காட்டினேன். கிழிந்த சில்லைத் திருப்பித் தந்தார்கள், சில்லு ஒன்று என்று துண்டும் எழுதினார்கள்.

முதல் செக்பொயின்ட்டில் நானா நிலத்தில் குந்தியிருந்தார், வெயிலில். வானின் கதவு திறந்து கிடந்தது. ஐஸ் தண்ணீர் சொட்டி மண் நனைந்திருந்தது, மீன் நாற்றமெடுக்கத் தொடங்கிவிட்டது. என்னைக் கண்டதும் அவர் முகத்தில் சந்தோஷம் வரவில்லை. நீ ஏன் இதுக்குள்ள வந்தாய் என்று கேட்பது போலப் பார்த்தார்.

மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரியிடம் போனேன். தமிழ் தெரிந்த ஒரு சிப்பாய் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தார். கடிதத்தைக் கொடுத்தேன். கிழிந்த சில்லை உருட்டிக்கொண்டு வந்து மேசைக்கு முன்னால் நிறுத்தினேன். "அவர்ட சில்லு என்ர வானில பூட்டியிருக்கு. வந்து பாருங்கோ. பிழை என்னுடையது. ஆளை விடுங்கோ, என்னை மறியுங்கோ" என்றேன்.

அதிகாரி கடிதத்தை இரண்டு முறை வாசித்தார். பிறகு ஒரு கேள்விதான் கேட்டார்: "உன்ர ஸ்பெயார் எங்க?"

"கப்பல்துறையில. உங்கட செக்கிங்குக்குப் பயந்து வைச்சிட்டு வந்தனான்."

மொழிபெயர்த்த சிப்பாய் அதைக் கேட்டுத் தயங்கிவிட்டுச் சொன்னார். அதிகாரி என்னை நிமிர்ந்து பார்த்தார். "வைச்சிட்டு வரச் சொல்லி நாங்கள் சொன்னனாங்களா?"

ஒருவரும் சொல்லவில்லை என்பது உண்மை. சொல்ல வேண்டிய தேவையே இல்லாமல் எங்களைக் கொண்டுவந்து விட்டிருந்தார்கள் என்பதும் உண்மை. அந்த இரண்டாவது உண்மையை நான் அன்று அங்கே சொல்லவில்லை. இன்றைக்கு இங்கே சொல்கிறேன்.

என் வானைப் பார்த்தார்கள், வளையங்களில் இருந்த அடையாளங்களைப் பார்த்தார்கள், எங்கள் இருவரின் பெயர்களையும் எழுதினார்கள். மத்தியானம் திரும்பிய பிறகுதான் விட்டார்கள். நேரே கப்பல்துறைக் கடைக்குப் போய், சுவரில் சாத்தியிருந்த என் சில்லை எடுத்து நானாவின் வானில் ஏற்றினேன். மீனைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"மீன் போனாப் போகுது. புள்ளைகள் எழுதினாங்களா?"

"எழுதுதுகள் நானா."

"அது போதும்." சுவரில் நின்ற மற்றச் சில்லுகளைக் கையால் காட்டினார். பிறகு சொன்னார்: "தம்பி, அவங்க இறக்கச் சொன்னா நான் இறக்குவன். உருட்டச் சொன்னா உருட்டுவன். துவக்கு அவங்கட கையில இருக்கு. ஆனா அவங்க சொல்றதுக்கு முந்தியே நானே கழட்டி வைக்க மாட்டன். நமக்குத் தேவையானத நாமளே வேணாம் எண்டு பழகிட்டா, பொறகு ஒருத்தரும் பறிக்கத் தேவையில்ல."

தம்பிமாரே, உங்கள் கார்களிலிருந்து சில்லைக் கழற்றியவர்கள் துவக்கோடு வரவில்லை, அது எனக்குத் தெரியும். கொம்பனி கழற்றியது, நீங்கள் தலையாட்டினீர்கள். எங்கேயோ ஒரு மேசையில் இருந்தவர் உங்களுக்கு எது தேவை என்று முடிவெடுத்தார், நீங்கள் அதை உங்கள் கெட்டித்தனம் என்று சொல்லிக்கொண்டு திரிகிறீர்கள். நாங்களும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தோம். வீதியில் நிற்கிற இன்னொருவனுக்குச் சில்லைக் கழற்றிக் கொடுக்கலாம். பசைப் போத்தலை வைத்துக்கொண்டு நானா அன்றைக்கு எங்களுக்கு என்ன செய்திருப்பார்? இப்போது ஒரு காரின் சில்லு மற்றக் காருக்குப் பொருந்தாது என்று ஒரு தம்பி சொன்னார். உண்மைதான். அதையும் ஒரு முன்னேற்றம் என்று சொல்லாதீர்கள்.

அடுத்த நாளும் பரீட்சை இருந்தது. கிழிந்த சில்லுக்கு இரவே வேறு டயர் போட்டு அதை ஸ்பெயாராக ஏற்றியிருந்தேன். வழக்கமான நேரத்துக்கு முக்கால் மணித்தியாலம் முந்தி டீச்சரின் வீட்டு வாசலில் வானை நிறுத்தினேன். அவர் ஏற்கனவே வெளிக்கிட்டு நின்றார். நான் முந்தி வருவேன் என்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. கப்பல்துறைக் கடை வந்தது. நான் நிறுத்தவில்லை. கடைக்கு முன்னால் சில்லுக் கழற்றிக்கொண்டிருந்த சாரதிகள் கூக்காட்டினார்கள், ஒருவன் கையைத் தூக்கித் தலையில் அடித்துக் காட்டினான். டீச்சர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தார்.

செக்பொயின்ட்டில் என்னை மறித்தது முந்தின நாள் மொழிபெயர்த்த அதே சிப்பாய். சில்லை இறக்கச் சொன்னார், இறக்கினேன். உருட்டச் சொன்னார், உருட்டினேன். தூக்கிப் போடச் சொன்னார், போட்டேன். பின்னால் ஹோர்ன் அடித்தார்கள். வியர்த்து வழிய நான் அதைத் திரும்ப ஏற்றி நட்டை இறுக்கும்போது, துண்டும் பேனையுமாகப் பக்கத்தில் வந்து நின்று, அக்கறையாகத்தான் கேட்டார்:

"நேத்து வரைக்கும் இல்லத்தானே. இனி ஏன் இந்தக் கஷ்டம்?"

"இது என்ர வான்," என்றேன். "இதுக்கு அஞ்சு சில்லு. எழுதுங்கோ."

எழுதினார்.